அம்மா வீட்டு விளக்குக்காக சிம் லிம் டவருக்கு

தேக்காவில் காய்கறி வாங்கி, ஒரு தேநீர் குடித்து, சிராங்கூன் சாலையோடு திரும்பிவிடுகிறவர்கள்தான் நம்மில் அதிகம். அங்கிருந்து பத்து நிமிடம் நடந்தால் முற்றிலும் வேறொரு சந்தை இருக்கிறது. முருங்கைக்காய்க்குப் பதில் கம்பிச்சுருள், கொத்தமல்லிக்குப் பதில் கெப்பாசிட்டர், பூச்சரத்துக்குப் பதில் எல்இடி சரம். ஜாலான் புசார் தொடங்கும் முனையில் நிற்கும் சிம் லிம் டவரைத்தான் சொல்கிறேன்.

கால்வாய்க்கு அந்தப் பக்கம் இருக்கும் சிம் லிம் ஸ்குவேரை எல்லாருக்கும் தெரியும். கணினி, கைப்பேசி என்றால் அங்கே ஓடுவோம். இந்தப் பக்கத்து டவர் அப்படிப் பேர் போனதல்ல. முழுப் பொருளை வாங்க வருகிறவர்களைவிட, பொருளுக்குள் இருப்பதை வாங்க வருகிறவர்களுக்கான கட்டடம் இது. பாலிடெக்னிக் மாணவர்கள் ஒரு கையில் கைப்பேசியும் மறுகையில் பட்டியலுமாக அலைவார்கள். மின்பணியாளர்கள் காலணியைத் தேய்த்துக்கொண்டே நடந்து வந்து, பெயர் சொல்லாமல் விரலால் அளவு காட்டிச் சாமான் வாங்கிப் போவார்கள்.

எனக்கு இந்தக் கட்டடம் ஏழெட்டு வயதிலிருந்தே பழக்கம். பள்ளி விடுமுறை நாள்களில் அப்பா என்னை இங்கே அழைத்து வருவார். பழைய வானொலிப் பெட்டிகளைப் பழுதுபார்ப்பது அவருக்குப் பொழுதுபோக்கு. சுங்கை ரோடு பழஞ்சந்தையில் ஐந்து வெள்ளிக்கு ஓடாத டிரான்சிஸ்டர் ஒன்றை வாங்குவார். சாலையைக் கடந்து இங்கே வந்து, அதை ஓடவைக்க எட்டு வெள்ளிக்குச் சாமான் வாங்குவார். அம்மா கணக்குப் போட்டுக் கேட்டால் சிரித்து மழுப்புவார். அந்தப் பழஞ்சந்தை 2017 ஜூலை 10ஆம் தேதியோடு மூடப்பட்டுவிட்டது. அப்பா காலமாகி மூன்று ஆண்டு ஆகிறது. டவர் மட்டும் அப்படியே நிற்கிறது.

சென்ற ஆண்டு நான் திரும்பவும் இங்கே வரக் காரணம், அம்மா விழுந்ததுதான்.

இருட்டில் நடந்த பழக்கம்

அம்மாவுக்கு 71 வயது. தோ பாயோவில் பழைய மூவறை வீட்டில் தனியாக இருக்கிறார். அந்தக் காலத்து வீவக வீடுகளை அறிந்தவர்களுக்குத் தெரியும், கழிவறை சமையலறைக்கு அப்பால் இருக்கும். இரவில் எழுந்தால் படுக்கையறையிலிருந்து கூடத்தைக் கடந்து, சமையலறையைக் கடந்து போக வேண்டும். அதிகாலை மூன்று மணிக்கு அப்படிப் போனபோது முக்காலியில் கால் இடறி விழுந்துவிட்டார். மணிக்கட்டில் வீக்கம், இடுப்பில் நீலம் பாய்ந்த காயம். எலும்பு எதுவும் முறியவில்லை. கடவுள் காப்பாற்றினார்.

"ஏம்மா லைட் போடல?" என்று கேட்டேன்.

"அப்பா ஹால்ல படுத்திருப்பாரு பாப்பா. லைட் போட்டா முழிச்சுக்குவாரு. அதே பழக்கம்."

மூன்று ஆண்டாக அந்தக் கூடத்தில் யாரும் படுக்கவில்லை. அதற்குப் பிறகு நான் அந்தக் கேள்வியை அவரிடம் கேட்கவே இல்லை.

பெர்த்தில் இருக்கும் என் அண்ணன் கேமரா வைக்கச் சொன்னான். "கேமரா வச்சீங்கன்னா துணியப் போட்டு மூடிருவேன்" என்றார் அம்மா. கழிவறையில் பிடிமானக் கம்பி பொருத்தியாயிற்று. மூத்தோருக்காக 2012 முதல் வீவக நடத்தும் 'ஈஸ்' திட்டம் அதற்கு உதவுகிறது. மீதி இருந்தது வெளிச்சம். சுவிட்சைத் தொடாமலேயே வர வேண்டும். கண்ணைக் கூசக் கூடாது. நடக்கிற வழி தெரிந்தால் போதும்.

எளிய வேலை என்று நினைத்து, நள்ளிரவில் இணையக் கடையொன்றில் மூன்று 'ஸ்மார்ட்' சுவிட்சுகளை வாங்கிவிட்டேன். வந்து சேர்ந்த பெட்டியைத் தூக்கிக்கொண்டுதான் சிம் லிம் டவருக்குப் போனேன்.

மூன்று கேள்வி கேட்ட அங்கிள்

மேல்தளத்தில் ஒரு கடை. கடை என்பதைவிட அலமாரிகளுக்கு நடுவே ஒரு நாற்காலி என்று சொல்லலாம். அதில் எழுபது வயது மதிக்கத்தக்க சீனப் பெரியவர். என் பெட்டியைத் திறந்து பார்த்ததுமே சிரித்துவிட்டார்.

"கேர்ள், இது அமெரிக்காக்காரன் சுவிட்ச்."

நீளவாக்கில் இருந்த அந்தச் சுவிட்சை நம் ஊர்ச் சுவர்ப் பெட்டிமேல் வைத்துக் காட்டினார். நம்முடையது பிரிட்டிஷ் வழக்கப்படி சதுரம், பக்கத்துக்கு 86 மில்லிமீட்டர். அது பொருந்தவே பொருந்தாது. பொருந்தினாலும் பயனில்லை. அது 120 வோல்ட்டுக்குச் செய்தது. நம் வீட்டுக்கு வருவது 230 வோல்ட். முதல் பாடம் அங்கேயே கிடைத்தது: நிறத்தையும் செயலியையும் பார்ப்பதற்கு முன் வோல்ட்டையும் வடிவத்தையும் பார்க்க வேண்டும்.

பிறகு அவர் மூன்று கேள்வி கேட்டார். வீடு பழசா, புதுசா? சுவிட்சைக் கழற்றி உள்ளே பார்த்ததுண்டா? இணையம் போய்விட்டால் விளக்கு எரிய வேண்டுமா, வேண்டாமா?

மூன்றாவது கேள்விக்கு நான் கொஞ்சம் திகைத்தேன். அம்மா வீட்டில் வைஃபையே இல்லை. கைப்பேசித் திட்டத்தில் வரும் டேட்டாவே அவருக்கு மிச்சம். வைஃபை சுவிட்சுகளில் பல, "விளக்கைப் போடு" என்ற கட்டளையை வெளிநாட்டில் எங்கோ இருக்கும் கணினிவரை அனுப்பித் திரும்பப் பெறுகின்றன. இடையில் இணையம் அறுந்தால் தானியங்கி வேலைகள் நின்றுபோகும். ஜிக்பீ போன்ற கருவிகள் அப்படியல்ல. வீட்டுக்குள் 'ஹப்' என்ற சிறு பெட்டியோடு பேசிக்கொள்ளும். நல்ல ஹப்பாக இருந்தால் சென்சார் பார்த்ததையும் விளக்கு எரிய வேண்டியதையும் வீட்டுக்குள்ளேயே முடித்துவிடும்.

"அம்மாவின் காலுக்கு வேண்டிய வெளிச்சம் இணையத்தை நம்பி இருக்கக் கூடாது. உன் கைப்பேசிக்கு வரும் செய்தி இணையத்தை நம்பி இருக்கலாம்" என்றார் அங்கிள். ஆங்கிலமும் மலாயும் கலந்து சொன்னதை நான் தமிழாக்கியிருக்கிறேன். அன்று நான் வாங்கிய சாமான்களைவிட அந்த வாக்கியம் விலை மதிப்புள்ளது.

இரண்டும் சிவப்பு

இரண்டாவது கேள்விக்கு விடை தெரிய, உரிமம் பெற்ற மின்பணியாளர் ஒருவரை அம்மா வீட்டுக்கு வரவழைத்தேன். சிங்கப்பூரில் சுவருக்குள் இருக்கும் மின்கம்பியில் கைவைக்க, எரிசக்திச் சந்தை ஆணையத்தின் உரிமம் பெற்றவர்தான் வேண்டும். காணொளி பார்த்து நாமே செய்கிற காரியம் அல்ல இது. அவர் மெயினை அணைத்தார். சோதனைக் கருவியால் இருமுறை தொட்டுப் பார்த்த பிறகே திருகாணியைக் கழற்றினார்.

உள்ளே இரண்டு கம்பிகள். இரண்டும் சிவப்பு.

அதன் பொருளை அவர் விளக்கினார். 2009க்கு முன் சிங்கப்பூர் வீடுகளில் மின்சாரம் வரும் கம்பி சிவப்பு, திரும்பும் கம்பி, அதாவது நியூட்ரல், கறுப்பு. அந்த ஆண்டில்தான் பழுப்பு, நீலம் என நிறங்கள் மாற்றப்பட்டன. எங்கள் வீட்டுச் சுவிட்ச் பெட்டியில் கறுப்பே இல்லை. அந்தக் காலத்து முறைப்படி நியூட்ரல் கம்பி நேராகக் கூரை விளக்குக்குப் போய்விட்டது. சுவிட்சுக்கு வந்து போவது சிவப்பு மட்டும்தான்.

சாதாரண சுவிட்சுக்கு அது போதும். அது ஒரு கதவு. திறந்தால் மின்சாரம் போகும், மூடினால் நிற்கும். ஸ்மார்ட் சுவிட்ச் அப்படியல்ல, அது காவல்காரன். விளக்கு அணைந்திருக்கும்போதும் விழித்திருந்து கட்டளைக்காகக் காத்திருக்க வேண்டும். விழித்திருக்கிறவனுக்குச் சாப்பாடு வேண்டும். நியூட்ரல் இருந்தால் நேரே கிடைக்கும். இல்லாவிட்டால், அணைந்திருக்கும் விளக்கின் வழியாகவே துளித்துளியாக மின்சாரத்தை உறிஞ்சிக்கொள்ளும். 'நோ நியூட்ரல்' என்று எழுதி விற்கும் சுவிட்சுகள் இப்படித்தான் வேலை செய்கின்றன.

குண்டுபல்பு காலத்தில் அந்தத் துளி மின்சாரம் யார் கண்ணுக்கும் தெரிந்திருக்காது. ஐந்து வாட் எல்இடி விளக்குக்கு அதுவே பெரிது. பொருத்திய அன்று இரவு, அணைத்த பிறகும் கூடத்து விளக்கு மங்கலாக மின்னிக்கொண்டே இருந்தது. மறுநாள் அம்மா சொன்னார்: "உங்கப்பா வந்து நிக்கிற மாதிரி இருக்கு பாப்பா."

சிரிப்பதா, அழுவதா என்று தெரியவில்லை.

மறுபடியும் டவருக்கு ஓடினேன். அங்கிள் ஒரு சின்னப் பொட்டலத்தை நீட்டினார். 'பைபாஸ்' கெப்பாசிட்டர். கூரையில் விளக்குக்குப் பக்கவாட்டாக அதை இணைத்தால், துளி மின்சாரம் விளக்கை விட்டு அதன் வழியே போய்விடும். சில சுவிட்சுகளோடு இது பெட்டியிலேயே வரும். சிலவற்றோடு தனியாக வாங்க வேண்டும். மின்பணியாளர் வந்து அதை மாட்டிய பிறகு விளக்கு முழுமையாக அணைந்தது. அம்மாவின் முகத்தில் நிம்மதிதான் தெரிந்தது. ஆனால் அன்றிரவு கூடம் கொஞ்சம் கூடுதலாகவே இருட்டாக இருந்ததாக எனக்குத் தோன்றியது.

சுவிட்சை விட்டுவிட்டு ஸ்மார்ட் பல்பு மட்டும் போட்டால் என்ன என்று நீங்கள் கேட்கலாம். நானும் கேட்டேன். நியூட்ரல் தொல்லை இல்லை, சுவரைத் தொட வேண்டியதும் இல்லை. ஒரே நிபந்தனை, சுவர்ச் சுவிட்ச் எப்போதும் போட்டபடியே இருக்க வேண்டும். அறையை விட்டு வெளியேறும்போதெல்லாம் சுவிட்சைத் தட்டி அணைத்து வளர்ந்த தலைமுறை இது. அம்மா ஒருமுறை தட்டினால் பல்பின் புத்தி முழுவதும் போய்விடும். பொருள் மனிதரின் பழக்கத்துக்கு ஏற்றதாக இருக்க வேண்டும். 71 வயதில் பழக்கத்தைப் பொருளுக்காக மாற்றச் சொல்லக் கூடாது.

சென்சாருக்கும் வெயிலுக்கும்

நடை வழிக்குச் சுவரடியில் சிறு விளக்குகள், அவற்றை எழுப்ப அசைவு உணரும் சென்சார்கள். இவற்றை முதலில் செங்காங்கில் என் வீட்டில் வைத்துச் சோதித்துப் பார்த்தேன். அங்கே வேறொரு சிக்கல். ஒழுங்காக இருக்கட்டும் என்று ஹப்பை வீட்டுக் காப்பறைக்குள் வைத்திருந்தேன். பத்து நிமிடத்துக்கு ஒருமுறை ஒரு சென்சார் காணாமல் போகும். 1998 முதல் கட்டப்படும் வீவக வீடுகளில் வரும் அந்த 'பாம் ஷெல்டர்', தடித்த கான்கிரீட் சுவரும் இரும்புக் கதவும் கொண்டது. குண்டு வெடித்தாலும் தாங்கக் கட்டிய அறைக்குள் வைத்துவிட்டு, அலை வெளியே வரவில்லையே என்று புலம்பினால் எப்படி? தினமும் அலைவரிசையில் பேசிப் பிழைக்கும் எனக்கே அது உறைக்க இரண்டு நாள் பிடித்தது.

வெளியே எடுத்து வைஃபை ரவுட்டர்மேல் வைத்தேன். அப்போதும் தடுமாற்றம். ஜிக்பீயும் வைஃபையும் ஒரே 2.4 கிகாஹெர்ட்ஸ் பகுதியில்தான் பேசுகின்றன. இரு நிலையங்கள் ஒன்றன்மேல் ஒன்று ஒலித்தால் வானொலியில் என்ன கேட்குமோ, அதுதான் அங்கேயும். ஹப்பை இரண்டு மீட்டர் தள்ளி வைத்து, ஜிக்பீயின் 16 சேனல்களில் வேறொன்றுக்கு மாற்றியதும் எல்லாம் அமைதியானது.

பிறகு எல்லாவற்றையும் தோ பாயோவுக்குக் கொண்டுபோனேன். சென்சாரை எங்கே ஒட்டுவது என்பதிலும் ஒரு நுணுக்கம் உண்டு. 'பிஐஆர்' எனப்படும் இந்த வகை சென்சார், உடலிலிருந்து வரும் வெப்பக் கதிர் தன் பார்வைக்குள் இடம் மாறுவதைத்தான் உணரும். நேரே அதை நோக்கி நடந்து வருகிறவரைவிட, அதன் முன்னால் குறுக்கே கடக்கிறவரைச் சீக்கிரம் கண்டுகொள்ளும். ஆகவே படுக்கையறை வாசலுக்கு எதிரே ஒட்டாமல், பக்கவாட்டில் முழங்கால் உயரத்தில் ஒட்டினேன். அம்மா கட்டிலிலிருந்து இறங்கி இரண்டடி வைப்பதற்குள் சுவரடியில் மஞ்சள் வெளிச்சம் வரும். ஒன்றரை நிமிடத்தில் தானே அணையும்.

முதல் இரவு நானும் அங்கேயே படுத்திருந்தேன். மூன்று மணிக்கு அம்மா எழுந்தார். வெளிச்சம் அவருக்கு முன்னால் ஒவ்வொன்றாக விரிந்துகொண்டே போனது. கூடத்தில் ஒரு கணம் நின்று, நான் பாய் விரித்துப் படுத்திருந்த இடத்தைப் பார்த்தார். பிறகு மெதுவாக நடந்து போனார். நான் தூங்குவதுபோல் இருந்தேன்.

இதோடு நிறுத்தியிருந்தால் நான் புத்திசாலி.

அந்த மாலை 3.40

அலை ஓடுகிறது, ஹப் இருக்கிறது, இன்னும் கொஞ்சம் செய்தால் என்ன என்று தோன்றியது. சிம் அட்டை போடும் சிறு ரவுட்டர் ஒன்றை வாங்கி ஹப்போடு இணைத்தேன். பகலில் மூன்று மணி நேரம் வீட்டில் எந்த அசைவும் இல்லாவிட்டால் என் கைப்பேசிக்குச் செய்தி வரும்படி அமைத்தேன். அம்மாவிடம் அதைப் பெரிதாகச் சொல்லவில்லை. "சும்மா ஒரு வசதி" என்று சொல்லி வைத்தேன்.

என் நிகழ்ச்சி மாலையில். நேரலையில் இருந்தேன். 3.40க்குச் செய்தி வந்தது. மூன்று மணி நேரமாக அசைவு இல்லை.

ஒரு பாடலை ஓடவிட்டு அம்மாவை அழைத்தேன். எடுக்கவில்லை. இன்னொரு பாடல். எடுக்கவில்லை. பக்கத்து வீட்டு மக்சிக்கை அழைத்து, கொஞ்சம் போய்ப் பார்க்கச் சொன்னேன். அடுத்த பாடலுக்கு முன் நேயர்களிடம் ஏதோ பேசினேன். என்ன பேசினேன் என்று இன்றும் நினைவில்லை. சிரித்துப் பேசியதாகப் பிறகு தயாரிப்பாளர் சொன்னார்.

மக்சிக் திரும்ப அழைத்தார். அம்மா சமையலறைத் தரையில் உட்கார்ந்து நெத்திலி ஆய்ந்துகொண்டிருந்தார். கைப்பேசி படுக்கையறையில். பதறி வந்த மக்சிக்கைப் பார்த்து அம்மாதான் பயந்துபோனார்.

ஏன் சென்சார் பார்க்கவில்லை? இரண்டு காரணம். ஒன்று, அவர் ஒரே இடத்தில் உட்கார்ந்திருந்தார். விரல்கள் மட்டும்தான் அசைந்தன. இரண்டு, நம் ஊர் வெயில். மதிய வெயில் விழும் சமையலறைச் சுவரின் சூடு உடற்சூட்டை நெருங்கிவிட்டால், சுவருக்கும் மனிதருக்கும் வேறுபாடு பிஐஆர் சென்சாருக்குத் தெரிவது குறைகிறது. இரவில் பழுதில்லாமல் வேலை செய்த அதே பொருள், பகலில் குருடாகிவிட்டது.

அன்று மாலை வீட்டுக்குப் போனபோது அம்மா கதவைத் திறந்துவிட்டு உள்ளே போய்விட்டார். சாப்பாடு போட்டார். நான் சாப்பிட்டு முடித்த பிறகு கேட்டார்:

"நான் என்ன கைதியா பாப்பா? உக்காந்தா எந்திரிச்சான்னு கணக்கு எழுதுறியா?"

"பயமா இருக்கும்மா" என்றேன்.

"எனக்கும்தான் பயம். அதுக்காக உன்னக் கேக்காம உன் பையில கை வைப்பேனா?"

என்னிடம் பதில் இல்லை. கேமரா வேண்டாம் என்று அவர் சொன்னதன் பொருளை நான் லென்ஸாக மட்டும் புரிந்துகொண்டிருந்தேன்.

மின்விசிறி சொன்ன பொய்

அப்போதும் எனக்குப் புத்தி வரவில்லை. கருவியை மாற்றினால் சரியாகும் என்று நினைத்தேன். அங்கிளிடம் போய் ரேடார் வகை சென்சார் கேட்டேன். 'மில்லிமீட்டர் வேவ்' என்பார்கள். அது அலையை அனுப்பித் திரும்பி வருவதைப் பார்க்கும். மூச்சுவிடும்போது நெஞ்சு ஏறி இறங்குவதைக்கூட உணரும். சும்மா உட்கார்ந்திருப்பவரையும் கண்டுகொள்ளும். வெயிலைப் பற்றிக் கவலையில்லை.

"வீட்டில் கூரை விசிறி உண்டா?" என்று கேட்டார் அங்கிள்.

தோ பாயோவில் கூரை விசிறி இல்லாத வீடு உண்டா?

"போட்டுப் பார். சரியாக வராவிட்டால் கொண்டு வா" என்று கொடுத்தார். இம்முறை அம்மாவிடம் கேட்டுவிட்டுத்தான் வைத்தேன். "வை, பாப்போம்" என்றார் அலுப்போடு. மறுநாள் அவர் கோயிலுக்குப் போயிருந்த மூன்று மணி நேரமும், வீட்டில் ஆள் இருப்பதாகவே என் கைப்பேசி சொன்னது. விசிறியை அணைக்க மறந்துவிட்டுப் போயிருந்தார். சுழலும் இறக்கையையும் ஆடும் திரைச்சீலையையும் அது மனிதர் என்றே எடுத்துக்கொண்டது. உணரும் தூரத்தைக் குறைத்து, கோணத்தைத் திருப்பிச் சரிசெய்ய வழி உண்டு; பலர் செய்திருக்கிறார்கள். ஆனால் என் முதுகு சில்லிட்டது வேறொன்றுக்கு.

பழைய சென்சார் ஒன்றுமில்லாததற்கு என்னைப் பதறவைத்தது. இதுவோ, விசிறி சுழல்கிற வரை அம்மா நலம் என்று சொல்லிக்கொண்டே இருக்கும். இரண்டில் எது ஆபத்து? பொய்யான பதற்றத்துக்கு ஒரு தொலைபேசி அழைப்போடு தீர்வு உண்டு. பொய்யான நிம்மதிக்குத் தீர்வே இல்லை.

அம்மா வாங்கிய பொத்தான்

ரேடாரைத் திருப்பிக் கொடுக்கப் போனபோது அம்மாவும் வருகிறேன் என்றார். "உங்கப்பா காசெல்லாம் இங்கதான் கொட்டுனாரு. நான் ஒரு நாள்கூடப் பாத்ததில்ல."

ரோச்சோர் நிலையத்திலிருந்து மெல்ல நடந்து வந்தோம். சுங்கை ரோடு பக்கம் வந்ததும் அம்மா நின்று, சந்தை இருந்த இடம் எது என்று கேட்டார். கையை நீட்டிக் காட்டினேன். தலையை ஆட்டிக்கொண்டார்.

அங்கிளும் அம்மாவும் என்னை விட்டுவிட்டு மலாயில் பேச ஆரம்பித்தார்கள். அவர்கள் தலைமுறைக்கு அதுதான் பொதுமொழி. "சூடா மாக்கான்?" என்பதில் தொடங்கி, முழங்கால் வலி வழியாக, பிள்ளைகள் படுத்தும் பாட்டில் வந்து நின்றது. நான் சாமான் பார்ப்பதுபோல் திரும்பி நின்றேன்.

கண்ணாடி மேசையில் கிடந்த வெள்ளைப் பொத்தான் ஒன்றை அம்மா எடுத்தார். மோதகம் அளவுதான் இருக்கும். "இது என்னா?"

கம்பியில்லாப் பொத்தான். அழுத்தினால் ஹப்புக்கு ஒரு செய்தி போகும். உள்ளே நாணயம் போன்ற ஒரு சிஆர்2032 மின்கலம். அவ்வளவுதான். அந்தக் கடையிலேயே மலிவான ஸ்மார்ட் பொருள் அதுவாகத்தான் இருக்கும். நான் அதை ஏறெடுத்தும் பார்த்ததில்லை.

"காலையில சாமி விளக்கு ஏத்துனதும் இத அமுக்குறேன். சாயங்காலம் ஏத்துனதும் அமுக்குறேன். உனக்கு வந்து சேரும்ல?"

"வரும்மா."

"அமுக்கலன்னா போன் பண்ணு. எடுக்கலன்னா மக்சிக்கக் கூப்புடு. நடுவுல நான் எங்க உக்காந்தேன், எப்ப எந்திரிச்சேன்னு நீ பாக்கக் கூடாது."

அங்கிள் என்னைப் பார்த்துப் புன்னகைத்தார். ரேடாருக்கான பணத்தைத் திருப்பித் தந்து, பொத்தானுக்கு மட்டும் எடுத்துக்கொண்டார்.

அன்றே மூன்று மணி நேரக் கணக்கை அழித்தேன். சுவரடி விளக்குகள் மட்டும் தம் வேலையைப் பார்த்துக்கொண்டிருக்கின்றன. அவை யாருக்கும் எதையும் சொல்வதில்லை. பொத்தான் சாமிப் படத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது. ஒவ்வொரு மின்கலத்தின் மேலும் மாற்றிய தேதியை எழுதி ஒட்டியிருக்கிறேன். காரணம், சென்சார் சாகும்போது சத்தம் போடாது.

வாங்கப் போகிறவர்களுக்கு

இந்த அலைச்சலில் கற்றதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பழைய வீடென்றால் சாமான் வாங்குவதற்கு முன் மின்பணியாளரை அழைத்து, சுவிட்ச் பெட்டிக்குள் நியூட்ரல் இருக்கிறதா, பெட்டிக்குப் போதிய ஆழம் இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள். மூன்று முனை பிளக், அடாப்டர் வாங்கினால் சிங்கப்பூரின் 'சேஃப்டி மார்க்' குறி இருக்கிறதா என்று கவனியுங்கள். வைஃபைக் கருவி இணைய மறுத்தால், பெரும்பாலும் அது 2.4 கிகாஹெர்ட்ஸில் மட்டும் பேசும். உங்கள் கைப்பேசி 5இல் நின்றுகொண்டிருக்கும். ஜிக்பீ சென்சார் தூரத்தில் திணறினால் நடுவே மின்சாரத்தில் ஓடும் ஒரு ஜிக்பீ பிளக்கை வையுங்கள். செய்தியை வாங்கிக் கடத்துவது அதுதான். மின்கலத்தில் ஓடுபவை கடத்தாது. கதவு சென்சாரை இரும்பு கேட்டில் ஒட்டாதீர்கள். உள்ளே இருப்பது காந்தம், இரும்பு அதைக் குழப்பும். மரக்கதவில் ஒட்டுங்கள். எதை வைத்தாலும், யாருக்காக வைக்கிறீர்களோ அவரிடம் முதலில் கேளுங்கள். நான் கடைசியாகச் செய்ததை நீங்கள் முதலில் செய்யுங்கள்.

பொத்தான் வைத்துச் சில வாரங்கள் கழித்து அம்மாவிடம் கேட்டேன், தினமும் இரண்டு முறை அமுக்குவது தொல்லையாக இல்லையா என்று.

"நீ தெனமும் மூணு மணிக்கு ரேடியோவுல வணக்கம் சொல்ற. குரல் கேட்டாலே தெரிஞ்சுக்குவேன், நேத்து தூங்குனியா இல்லியா, சளி பிடிச்சிருக்கா, மனசு சரியில்லையான்னு. எனக்கு ஒரு பொட்டியும் வேணாம். உனக்குத்தான் எங்கிட்ட இருந்து ஒண்ணும் வரல. இப்ப நானும் உனக்கு வணக்கம் சொல்றேன்."

அப்பா பழுதுபார்த்து வைத்துவிட்டுப் போன அந்தச் சுங்கை ரோடு வானொலியில்தான் அம்மா என்னைக் கேட்கிறார். இன்று காலை 6.12க்கு என் கைப்பேசி 'டிக்' என்றது. தோ பாயோவில் விளக்கேற்றியாயிற்று.